நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? 56 நாள் பொறுங்கள்!

போன கார்த்திகை மாதம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வைத்தியசாலை. வெளியே விடாத மழை. கடைசி டோக்கனுக்கு ஒரு அம்மாவும், ஏழாவது படிக்கும் அவருடைய பையனும் உள்ளே வந்தார்கள். இருவருமே பார்க்க நன்றாகத்தான் இருந்தார்கள்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்றேன்.

அம்மா தயங்கினார். பையன் மடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்து காட்டினான். உள்ளே பழைய டவலில் சுற்றி, கறுப்பாக ஒரு நாய்க்குட்டி!

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்... நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரே வாந்தி, பேதி. பேதியில ரத்தமா போவுது. எங்க பாப்பாவுக்கு நீங்க குடுத்த சூரணம் சட்டுனு கேட்டுச்சே... அதுலயே ஒரு சிட்டிகை இதுக்கும் குடுங்க சார்."

குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்திருந்தது. முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிந்தது மடிந்தபடியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. குழந்தையாக இருந்தாலும் குட்டியாக இருந்தாலும், இதற்குப் பெயர் நீர் வற்றிப்போதல்தான். இதற்கு உடனே நரம்பில் நீர் ஏற்ற வேண்டும். சூரணம் கொடுத்து நேரத்தைக் கடத்துவது பாவம்.

"வாங்கி எத்தனை நாள் ஆச்சு தம்பி?"

"அஞ்சு நாள் அங்கிள். என் பர்த்டேக்கு அப்பா வாங்கிக் குடுத்தார்."

"குட்டிக்கு வயசு?"

"28 நாள்னு சொன்னாங்க. தாய்ப்பால் மறந்துடுச்சாம். சோறு திங்குமாம்."

மழையோடு மழையாக அவர்களைக் கால்நடை டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். அவரும் டிரிப் ஏற்றிப் போராடினார். மூன்றாம் நாள் காலை குட்டி இறந்துவிட்டது. அதற்கு வந்தது பார்வோ என்ற வைரஸ் நோய்.

ஒரு வாரம் கழித்துப் பையன் தனியாக வந்தான். "அங்கிள், நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மனிதர்களுக்கு வைத்தியம் படித்தவன். ஆனால் தாய், பால், சிசு என்ற விஷயம் எந்த உயிருக்கும் ரொம்ப வித்தியாசப்படுவதில்லை. தெரியாததைக் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன்.

28 நாளில் ஏன் விற்கிறார்கள்?

காரணம் எளிது. நாலு வாரம் வரை குட்டிகளுக்குச் சாப்பாடு போடுவது தாய்தான். விற்பவருக்குக் கைச்செலவு இல்லை. நாலு வாரம் தாண்டினால் தாயின் பால் குறைய ஆரம்பிக்கும். ஆறு குட்டிக்கும் நாளுக்கு நாலு வேளை தீனி, பூச்சி மருந்து, பிறகு தடுப்பூசி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு, நாலு வாரக் குட்டிதான் பார்க்கப் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். வாங்க வருகிறவர்கள் மயங்கிவிடுவார்கள்.

"சின்னதுலயே தூக்கிட்டுப் போனாத்தான் சார் நம்மகிட்ட ஒட்டும்" என்று ஒரு வசனம் வேறு! இதைச் சொல்லாத நாய் வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை. இதில் உண்மை எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மத்திய அரசு 2017-ம் ஆண்டு மே மாதம் நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் இவை. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு ஒன்றரை வயதாவது ஆன பிறகே இணை சேர்க்க வேண்டும். அதன் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. ஆக, 28 நாள் குட்டியை விலை பேசி விற்பது நம் நாட்டில் விதியை மீறிய காரியம்.

8 வாரம் என்பது 56 நாள். எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு?

தாயின் மடியில் நடப்பது என்ன?

எங்கள் பாலவாகடத்தில் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவம் பருவமாகப் பார்ப்பது வழக்கம். தவழ வேண்டிய காலத்தில் தவழ வேண்டும். நடக்க வேண்டிய காலத்தில் நடக்க வேண்டும். நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். நமக்கு மாதத்தில் நடப்பது அதற்கு நாள் கணக்கில் நடந்து முடிந்துவிடும்.

நாயின் கர்ப்பம் சுமார் 63 நாள். பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, காதும் திறந்திருக்காது. முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயையும், உடன் பிறந்தவற்றையும் ஒட்டிக் கிடந்துதான் கதகதப்பு பெறும். சிறுநீர் போவதற்குக்கூட தாய் நாக்கால் நக்கித் தூண்ட வேண்டும்! பத்திலிருந்து பதினான்கு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது கேட்கும், தள்ளாடி நடக்கும், பால் பல் முளைக்கும். நாலாவது வாரம் தாயின் தட்டில் வாயை வைத்து நக்கிப் பார்க்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "சோறு திங்குது சார்" என்கிறார்கள்! ஆறு மாதக் குழந்தை பருப்புச் சாதத்தை இரண்டு வாய் வாங்கிக்கொண்டது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடுவோமா?

பாலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குட்டியை வாங்கி வந்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது, ஒரு கிண்ணம் பசும்பால் காய்ச்சி வைப்பது. அன்பாகத்தான் வைக்கிறோம். ஆனால் நாய்ப்பால் வேறு, பசும்பால் வேறு. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாலில் உள்ள சர்க்கரைச் சத்தோ பசும்பாலில்தான் அதிகம். தாயிடமிருந்து அவசரமாகப் பிரித்த குட்டிக்கு வயிறு முட்டப் பசும்பாலைக் கொடுத்தால், பாதிக்குப் பாதி பேதியில்தான் முடியும். அந்த வீட்டிலும் பால்தான் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பிஸ்கெட்டை ஊறவைத்து.

அடுத்தது எதிர்ப்புச் சக்தி. பிறந்த முதல் நாளில் வரும் சீம்பாலில்தான் தாய் தன் எதிர்ப்புச் சக்தியைக் குட்டிக்குக் கொடுக்கிறது. முதல் 24 மணி நேரம் போய்விட்டால் குட்டியின் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளாது. தாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பாலில் சரக்கு இருக்கும். தாய்க்கே போடவில்லை என்றால் அது கொடுக்க எதை வைத்திருக்கும்? அந்தக் குட்டியின் தாய்க்கு ஊசி போட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

சரி, வாங்கி வந்ததும் ஊசி போட்டுவிட்டால்? அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் தெம்பாக இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியையும் அது எதிரி என்று நினைத்து அழித்துவிடும். ஆறாவது வாரத்திலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றத் தொடங்கும். சில குட்டிக்குச் சீக்கிரம் வற்றும். சிலவற்றுக்குப் பதினாறு வாரம்கூட ஆகும். எப்போது வற்றும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப, பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். "ஒரே ஊசியைக் காசுக்காக மூணு தடவை போடுறாங்க" என்று டாக்டரைத் திட்டாதீர்கள். விஷயம் இதுதான். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் தனி.

பார்வோ சாதாரணக் கிருமி இல்லை. 1978-ல் உலகம் முழுக்கப் பரவி அடையாளம் காணப்பட்ட நோய். தொற்றிய மூன்றிலிருந்து ஏழு நாளில் வாந்தியும் ரத்தபேதியும் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கினார்கள்; வியாழன் ராத்திரி வாந்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால், விற்ற இடத்திலோ வீட்டுக்கு வரும் வழியிலோ தொற்றியிருக்க வேண்டும். புது இடம், புது உணவு, தாயைக் காணாத ஏக்கம்... எல்லாம் சேர்ந்து கொண்ட உடம்பு எப்படித் தாங்கும்?

1993-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளில் சிலவற்றை ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தார்கள். சிலவற்றைப் பன்னிரண்டு வாரம் வரை தாயுடனேயே விட்டார்கள். முன்னதாகப் பிரிக்கப்பட்டவை சரியாகச் சாப்பிடாமல் எடை குறைந்தன. நோயும் சாவும் அவற்றில்தான் அதிகம். இத்தனைக்கும் அது ஆறு வாரம். நம் பையன் வாங்கியது நாலு வாரக் குட்டி.

கடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பது யார்?

குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கடித்து விளையாடுவதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது 'வீல்' என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்த குட்டி திருதிருவென்று முழிக்கும். மடியில் முட்டி மோதிக் கடித்தால் தாய் உறுமி ஒரு தட்டுத் தட்டும். 'இவ்வளவு அழுத்தினால் வலிக்கும்' என்ற பாடத்தைக் குட்டி படிப்பது இப்படித்தான். நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை நடக்கும் பள்ளிக்கூடம் இது. நாலு வாரத்தில் தூக்கி வந்துவிட்டால் அட்மிஷன் போட்ட அன்றைக்கே டி.சி. வாங்கின மாதிரி!

2011-ல் இத்தாலியில் 140 நாய்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதி நாய்கள் 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்டவை. மறு பாதி இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவை. வளர்ந்த பிறகு ஓயாத குரைப்பு, பயம், சாமான்களைக் கடித்துக் குதறுவது, உணவுத் தட்டின் அருகே யாரையும் விடாமல் உறுமுவது ஆகியவை முதல் வகையில்தான் அதிகம். "சின்னதுல தூக்கிட்டுப் போனா ஒட்டும்" என்ற வசனத்துக்கு இதுதான் பதில். ஒட்டும், பிறகு உங்களை விட்டு ஐந்து நிமிடம்கூட இருக்க முடியாமல் வீட்டைப் பிய்த்துப் போடும்.

அதற்காக எத்தனை மாதமானாலும் தாயுடனேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் தப்பு. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி 'இவர்களெல்லாம் நம்மவர்கள்' என்று பழகிக்கொள்ளும் காலம் என்பது அதில் முக்கியமான விஷயம். அந்தக் கதவு மூடிய பிறகு புது மனிதர், புது சத்தம் எல்லாமே பயம்தான்.

நெல்லிக்குப்பம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், விலை குறைவு என்று ஐந்து மாதக் குட்டி ஒன்றை வாங்கினார். அதுவரை அது ஒரு ஷெட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. மிக்ஸி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். விருந்தாளி வந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம். சங்கிலியைப் பார்த்தாலே நடுக்கம். பாவம், கோழைத்தனம் இல்லை. அந்த வயதில் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. இவ்வளவுக்கும் அது தாயோடு நன்றாக இருந்த குட்டி.

ஆகவே எட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு வாரத்துக்குள் வீட்டுக்கு வருவது நல்லது. சிவாவா போன்ற பொடி ஜாதிகளைப் பன்னிரண்டு வாரம் வரை கொடுக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அவற்றுக்கு ஒரு வேளை சாப்பாடு தவறினால்கூட ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

"56 நாள் ஆச்சு சார்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். குட்டி வாயைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும்! நாய்க்குப் பால் பற்கள் 28. எட்டு வாரக் குட்டிக்கு முன்பல், கோரைப்பல், பின்னால் கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் எல்லாம் ஊசி ஊசியாக வந்திருக்க வேண்டும். முன்னால் மட்டும் அரிசி போல நாலைந்து எட்டிப் பார்த்து, பின்பக்கம் ஈறு வழவழவென்று இருந்தால் அது நாலு வாரத்துக் குட்டி. கண்ணில் இளநீலம் படர்ந்திருந்தாலும், ஓடும்போது பின்னங்கால் தள்ளாடினாலும் அப்படியே.

தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். "தாய் கிராமத்துல இருக்கு சார், குட்டியை நான் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குட்டி போட்டுப் போட்டே உருக்குலைந்து மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டை நாயின் பெயரால் அதை 'லூசி சட்டம்' என்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ராஜபாளையம் வாங்குகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். வெள்ளைத் தோல் ஜாதி என்பதால் அதில் பிறவிச் செவிடு சில குட்டிகளுக்கு உண்டு. 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த நம் ஊர் நாய் அது. நம் வெயிலுக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பழகியவை. கடலூர் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தவிக்கும் பனிப்பிரதேச நாய்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தெருக்குட்டியாக இருந்தால்?

விலைக்கு வாங்குவதை விட நம் ஊரில் பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வருவதுதான் அதிகம். மழைக்காலம் முடியும் முன்பே, கார்த்திகை மார்கழியில் தெரு நாய்கள் குட்டி போட்டிருக்கும். சிதம்பரத்தில் தேர் வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் தை மாதம் நடந்து பாருங்கள், ஒவ்வொரு திண்ணைக்கு அடியிலும் ஒரு குடும்பம் இருக்கும். மேற்கு வங்காளத்தில் தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஐந்தில் ஒன்றுதான் ஏழு மாதம் வரை தப்பிப் பிழைத்தது. அதனால் ஒன்றை எடுத்து வளர்ப்பது புண்ணியமே.

ஆனால் தாய் பக்கத்தில் இருந்தால் எட்டு வாரம் வரை அங்கேயே விடுங்கள். தாய்க்குச் சோறு வையுங்கள். மழைக்கு ஒரு சாக்கும் தகரமும் போடுங்கள். குட்டி தானே வளரும். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டால் வேறு வழியில்லை. அப்போது குட்டிக்குச் சூடு முதலில், பால் அடுத்து. சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பாலைப் புகட்டினால் செரிக்காது, மூச்சுக்குழாயில் போகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடு வந்த பிறகு, கவிழ்த்துப் படுக்க வைத்தபடி நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றக் கூடாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இதைப் படியுங்கள்

குட்டிகள் பிறக்கும்போதே வயிற்றில் நாக்குப்பூச்சியோடுதான் பெரும்பாலும் பிறக்கின்றன. தாயின் வயிற்றிலிருந்தே தொற்றிவிடும், பாலிலும் வரும். அதனால்தான் இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். உடம்பு இளைத்து வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும் குட்டியைக் 'கொழுகொழு' என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அந்தப் பூச்சியின் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவமாகி, மண்ணளைந்த கையோடு சாப்பிடும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால், அதன் குஞ்சுகள் ஈரலுக்கும், அபூர்வமாகக் கண்ணுக்கும் போய்ச் சேரும். குட்டியின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். குட்டியைக் கொஞ்சினால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த இரண்டிலேயே பெரும்பகுதி ஆபத்து போய்விடும்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "குட்டிதானே சார், பல்லு லேசா பட்டுது" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. சிலர் நாய்க்கடிக்கு வேர் கொடுக்கிறீர்களா, மந்திரிக்கிறீர்களா, பத்தியம் என்ன என்று கேட்கிறார்கள். ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: வெறிநோய் வராமல் காக்க எங்களிடம் மருந்து இல்லை. யாராவது இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். நோயின் குறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தடுப்பூசி போடாத குட்டிக்கும் வெறிநோய் வரும். வெறிநாய் கடித்த தெருக்குட்டி நோயை உள்ளே வைத்துக்கொண்டு சாதுவாகவும் இருக்கும்.

பல் பட்டால், கீறினால், புண் உள்ள இடத்தில் நக்கினால் உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் வைக்காதீர்கள். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்கள் என்று நாலு தடவை. ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் சேர்த்துப் போடுவார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் வேண்டாம். குன்னூர் பாஸ்டர் நிலையக் காலத்திலிருந்து வந்த அந்த முறை நம் நாட்டில் 2004 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

தாய் படுத்திருந்த பழைய துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். ராத்திரி அழும் குட்டிக்கு அந்த வாசனை பெரிய ஆறுதல். விற்றவர் என்ன கொடுத்தாரோ அதையே முதல் சில நாள் கொடுங்கள். பிறகு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். எட்டு வாரக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை, சிறிது சிறிதாக. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம். பாயசத்து முந்திரி திராட்சையைப் பிள்ளைகள் பாசத்தோடு ஊட்டிவிடும், ஜாக்கிரதை! ஊசிகள் முடியும்வரை தெருவில் நடக்க விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய் நாலு மனிதரையும், ஸ்கூட்டர் சத்தத்தையும் பழக்குங்கள்.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருகிறேன்.

"வேற குட்டி வாங்கலாமா அங்கிள்?" என்று கேட்டான். அவன் அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். எனக்கும் பயம் இருந்தது. பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது அசையாது. கால்நடை டாக்டரைக் கேட்டோம். பழைய துணி, தட்டு, கூடை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னார். தரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்கச் சொன்னார். "உங்க வீட்டுக்கு மட்டும் 56 நாள் பத்தாது. ரெண்டு ஊசி முடிஞ்ச குட்டியா கொண்டாங்க" என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணாமலை நகரில் எனக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு டீச்சர் வீட்டு நாய், பொங்கலுக்கு மறுநாள் ஆறு குட்டி போட்டது. கலப்பு ஜாதிதான். தாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டிருந்தது. பையன் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டான். அப்பாவோடு கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் குட்டியைப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பினான். மூன்றாவது தடவை, "அங்கிள், அதோட அண்ணன்காரன் காதைக் கடிச்சிடுச்சு, அவங்கம்மா ஒரு அறை விட்டுச்சு பாருங்க!" என்று எனக்கே பாடம் எடுத்தான்.

பத்தாவது வாரம், இரண்டாவது ஊசியும் போட்டுச் சில நாள் பொறுத்து, பங்குனியில் குட்டி மஞ்சக்குப்பம் வந்தது. சித்திரையில் வெறிநோய் ஊசி. வைகாசி பிறந்ததும் கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டு, டாக்டர் வீட்டிலிருந்து நேராக என் வைத்தியசாலைக்குக் கூட்டி வந்தான். குட்டி மருந்து பீரோவை மோந்து பார்த்தது. என் சுண்டுவிரலை வாயில் வைத்துக் கடிக்காமல் சப்பியது. கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தேன், வாசலில் விட்டிருந்த என் ரப்பர் செருப்பில் ஒரு வாரைக் காணோம்.